பழவேற்காட்டு ஏரி மீனவர் ஊர்களில் நீரிழிவுச் சுயபராமரிப்பும் எண்ணிமத் தொழில்நுட்பமும்

ஆய்வுச்சுருக்கம்

நீரிழிவு நோயாளர் தம் நோயைத் தாமே கவனித்துக்கொள்ளத் துணைசெய்யும் எண்ணிமக் கருவிகள் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. அப்பட்டறிவைப் பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவர் ஊர்களின் வாழ்வியலோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவியின் திறனைவிட, அதன்வழிச் செல்லும் அறிவுரை யாருடைய நாளொழுங்கை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது என்பதே பயனை முடிவுசெய்கிறது என்னும் கருத்து இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, சுயபராமரிப்பு, தொலைமருத்துவம், பழவேற்காடு, பாடு முறை, மீனவர் வாழ்வியல்

முன்னுரை

நீரிழிவு நகரத்து வசதி படைத்தோரின் நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. 2011இல் வெளிவந்த அதன் முதற்கட்ட முடிவுகளின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 13.7 விழுக்காட்டினரும் ஊர்ப்புறங்களில் 7.8 விழுக்காட்டினரும் நீரிழிவு உடையோராக இருந்தனர். 2023இல் வெளியான முழுமையான முடிவுகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாகத் தெரிவித்தன. ஊர்ப்புற விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். ஆயின் ஆய்வுக்கூடமும் கண் மருத்துவரும் பாத மருத்துவரும் அருகில் இல்லாத ஊர்களில் அச்சிறிய விழுக்காடே பெருஞ்சுமையாகும்.

பழவேற்காட்டு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ளது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவே எனினும், ஏரிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள மணற்றிட்டுகளில் வாழ்வோர்க்கு மருத்துவமனையின் தொலைவு சாலைக் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. இவ்வூர்களில் செல்பேசிவழி நீரிழிவுப் பராமரிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், தமிழகத்தில் ஏற்கெனவே செய்துபார்க்கப்பட்டவை எவை என அறிதல் வேண்டும்.

சூணாம்பேடு தரும் பாடம்

இத்துறையில் முன்னோடி முயற்சி சூணாம்பேட்டில் நிகழ்ந்தது. சென்னைக்குத் தெற்கே, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேட்டையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்த்து 42 ஊர்களில், 2006இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவர் வி. மோகன் தலைமையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உலக நீரிழிவு அறக்கட்டளை நிதியளித்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் இணைப்பை வழங்கியது. விழித்திரைப் படக்கருவி முதலிய சோதனைக் கருவிகள் பொருத்திய ஊர்தி ஒன்று ஊர் ஊராகச் சென்றது. ஊர்தியில் எடுக்கப்பட்ட விழித்திரைப் படங்களைச் சென்னையிலிருந்த வல்லுநர் பார்த்தனர்.

அவ்வூர்களின் வயதுவந்தோர் 27,014 பேரில் 86.5 விழுக்காட்டினர் பரிசோதிக்கப்பட்டனர். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, சிகிச்சை பெற்றோரிடம் ஓராண்டில் 9.3இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது. மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பவேண்டியிருந்தோர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு.

இவ்வெண்களைக் காட்டிச் செயற்கைக்கோளின் வெற்றி எனக் கூறுவோர் உளர். என் பார்வையில் இவ்வெற்றிக்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஊர்தி வருமுன் வீடு வீடாகச் சென்று அழைத்தவர் அவ்வூர்களிலேயே தெரிவு செய்து பயிற்றுவிக்கப்பட்ட பணியாளர் ஆவர். ஊர்தி சென்றபின் தொடர்ந்து செல்வதற்கு அங்கேயே ஒரு நீரிழிவு மையமும் எழுப்பப்பட்டது. இணைப்பு நடுவில் இருந்தது. அதன் இரு முனைகளிலும் மனிதர் இருந்தனர். (சூணாம்பேட்டிற்கு இணைப்பளித்த நிறுவனத்தின் ஏவுதளம், பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலேயே உள்ளது என்பதை இங்கு நினையாமல் இருக்க இயலவில்லை.)

குறுஞ்செய்தியின் ஆற்றலும் எல்லையும்

ஊர்தி பெருஞ்செலவுடையது, குறுஞ்செய்தி அவ்வாறன்று. மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் தென்னிந்தியாவில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. நீரிழிவின் விளிம்பில் இருந்த, பணிக்குச் செல்லும் ஆண்கள் 537 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் உணவு, உடலுழைப்பு பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து பெற்றனர். மற்றப் பிரிவினர்க்குத் தொடக்கத்தில் அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினரும் பெறாதோரில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர்.

ஒரு சிறு செய்தி இவ்வளவு செய்யுமாயின் அதனைப் பழவேற்காட்டிற்கும் அனுப்பலாமே என்று தோன்றும். இங்குத் தயங்க வேண்டியுள்ளது. அவ்வாய்வு நோய் வராமல் தடுப்பதைப் பற்றியது. நோயுடன் வாழ்வதைப் பற்றியதன்று. அன்றியும் அதில் பங்கேற்றோர் ஆண்கள். தமக்கெனச் செல்பேசி உடையவர்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்திய ஊர்ப்புறங்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 48.7 விழுக்காடு, பெண்கள் 24.6 விழுக்காடு மட்டுமே. ஒரு வீட்டின் திறன்பேசி பெரும்பாலும் மகன் கையில் இருக்கும். தாயின் சர்க்கரை அளவைப் பற்றிய செய்தி மகனின் திரையில் வந்து நிற்கும். அவன் கரை திரும்பும்வரை அது தாயைச் சென்று சேராது.

ஏரியின் நாளொழுங்கு

சுயபராமரிப்பு என்பது மருந்து, உணவு, உழைப்பு, சோதனை, பாதக் கவனிப்பு ஆகியவற்றை நோயாளர் தாமே நாள்தோறும் ஒழுங்குபடுத்திக்கொள்வது. ‘காலை 8 மணிக்கு மாத்திரை, 8.30க்கு உணவு’ என்னும் நினைவூட்டல் அலுவலக வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டது. பழவேற்காட்டில் நாளை வகுப்பவை நீரோட்டமும் காற்றும் முகத்துவாரத்தின் நிலையும் ஆகும். மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் மீன்வரத்து மாறுகிறது. படகு கடலுக்குச் செல்லும் வழியும் மாறுகிறது.

இவற்றோடு பாடு முறையும் உண்டு. ஏரியின் இறால்வளம் மிக்க இடங்களை உரிமையுடைய ஊரார் குலுக்கல்வழி முறைவைத்துச் சுழற்சியாகப் பயன்படுத்தும் மரபொழுங்கு அது. முறை வரும் நாளில் ஒருவர் உணவு நேரத்தையோ உறக்கத்தையோ கருதமாட்டார்; அந்நாளின் வருவாய் அடுத்து வரும் பல நாள்களுக்கு உரியது. முறை இல்லாத நாள்களில் உழைப்பும் வருவாயும் உணவும் ஒருசேரக் குறைகின்றன. ஆகவே இங்கு உடலுழைப்பு போதாமை என்னும் வழக்கமான அறிவுரைக்குப் பொருளில்லை. ஒரு நாள் மிகுந்து மறுநாள் இல்லாமற்போகும் உழைப்பே சிக்கல்.

இதன் மருத்துவ விளைவு எளிதில் விளங்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. மாத்திரையை விழுங்கிவிட்டு உண்ணாமல் பல மணி நேரம் வலை இழுப்பவரின் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். வெயிலில் உழைப்பவர்க்கு இவற்றுள் முதலிரண்டும் வழக்கமானவை. எனவே நோயின் எச்சரிக்கை உழைப்பின் களைப்பாகவே கொள்ளப்படும். தரையில் தலைசுற்றல் ஒருவரை உட்கார வைக்கும். படகில் அது நீரில் வீழ்த்திவிடும். கையில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ கட்டி எடுத்துச்செல்லும்படி கூறுவது செல்பேசிச் செயலி எதனினும் முந்திய தேவை. அதனைப் பாட்டு முறை வரும் நாளின் முந்திய மாலையில் கூறுவதற்குத்தான் செயலி பயன்படும்.

நாள்காட்டியோடு இயைந்த செய்தி புதுமையன்று. செனகல் நாட்டில் 2014இல் ரமலான் மாதத்தை முன்னிட்டு, நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளர்க்கு உணவு, நீர், மருந்து பற்றிய குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. இசுலாமியர் தொன்றுதொட்டு வாழும் பழவேற்காட்டிற்கு அது நேரடியாகவும் பொருந்தும்; பாட்டு முறைக்கும் காற்றுப் பருவத்திற்கும் அதே வழியைப் பின்பற்றலாம்.

நீரில் நிற்கும் கால்

நீரிழிவு அறிவுரைகளுள் ‘வெறுங்காலுடன் நடவாதீர்’ என்பது தவறாமல் இடம்பெறும். ஏரியில் இறங்கி வலை கட்டுவோர்க்கு இது நடைமுறைக்கு ஒவ்வாத கட்டளை. சேற்றில் செருப்பு நில்லாது. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். அவர்களுக்குப் பாட்டுரிமையும் இல்லை, படகும் இல்லை. சிப்பி ஓடு, நண்டின் கொடுக்கு, கெளுத்தி முள் ஆகியவற்றால் ஏற்படும் கீறல் இத்தொழிலில் நாள்தோறும் நிகழ்வது.

நெடுநாள் நீரிழிவு பாத நரம்புகளின் உணர்ச்சியைக் குறைக்கிறது. கீறல் பட்டதே தெரியாது. தெரியாத புண் ஆறாது. மேலும், வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் நுண்ணுயிர் புண்வழி உட்புகுந்து விரைவில் பரவும் கடுந்தொற்றை உண்டாக்கக்கூடியது. கல்லீரல் நோயாளரும் நீரிழிவு நோயாளரும் இதற்கு எளிதில் இலக்காவர். ஆகவே காயலில் உழைக்கும் நீரிழிவு நோயாளரின் பாதம், வயலில் உழைப்பவரின் பாதத்தைவிடத் தனிக் கவனத்திற்கு உரியது.

எண்ணிமக் கருவிக்கு உண்மையான இடம் இங்கே உள்ளது எனக் கருதுகிறேன். கரையேறியதும் நன்னீரால் கழுவி, விரலிடுக்கு உட்பட வீட்டார் ஒருவர் பார்ப்பது முதற்படி. சிவப்பு, வீக்கம், சீழ் காணின் ஒரு படமெடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவது அடுத்தது. அன்றே மருத்துவர் பார்த்துச் சொல்லும் ஒரு சொல், விரலிழப்பைத் தடுக்கலாம். சூணாம்பேட்டில் விழித்திரைப் படத்திற்குச் செயற்கைக்கோளும் ஊர்தியும் தேவைப்பட்டன; பாதத்தின் படத்திற்கு எளிய திறன்பேசி போதும். படத்தைப் பெறும் முனையில், பதிலளிக்கும் பொறுப்பு இன்னாருக்கு உரியது என வரையறுப்பதே கடினமான பகுதி.

செய்தியின் மொழி

தமிழாய்வாளர் பங்களிக்கத்தக்க களம் இது. ‘தாழ்சர்க்கரை நிலையைத் தவிர்க்க உணவு இடைவெளியைக் குறைக்கவும்’ என்னும் தொடரில் பிழையில்லை; ஆனால் அது யாருடனும் பேசவில்லை. ‘மாத்திரை போட்டுட்டுச் சோறு தின்னாம படகேறாதீங்க’ என்பது பேசுகிறது. மக்கள் இந்நோயைச் ‘சுகர்’ அல்லது ‘சக்கரை’ என்கின்றனர்; ‘நீரிழிவு’ என்பது பலகையில் காணும் சொல். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கப்படும் செயலிகளில் ‘ஒரு கோப்பை ஓட்ஸ்’ இருக்கும். நியாயவிலைக் கடை அரிசியும் மீன்குழம்பும் கருவாடும் இரா. கருவாட்டின் உப்பைக் குறிப்பிடாத உணவு அறிவுரை, நீரிழிவோடு உயர் குருதியழுத்தமும் உடைய ஒருவர்க்கு இங்கு அரைகுறை அறிவுரையே. கருவாட்டை விலக்கச் சொல்வதினும் ஊறவைத்துக் கழுவி, அளவாக உண்ணச் சொல்வது கேட்கப்படும்.

எழுத்தைவிடக் குரல் இவ்வூர்களுக்கு ஏற்றது. 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் நடத்திய ஊர் அறிவு மையங்கள் இதற்குச் சான்று. வீராம்பட்டினம் மீனவர் ஊரில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையுயர முன்னறிவிப்பை நாள்தோறும் பெற்று, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். கணினி ஒருவர் கையில். செய்தி ஊரார் அனைவர் காதிலும். 2004 ஆழிப்பேரலையின்போது நல்லவாடு ஊரில் அதே வகை ஒலிபெருக்கி எச்சரிக்கையாகப் பயன்பட்டு உயிர்களைக் காத்தது. பொதுவான அறிவுரைக்கு இம்முறை இன்றும் ஏற்றது. ஒருவரின் சர்க்கரை அளவை ஒலிபெருக்கியில் கூற இயலாது என்பது சொல்லாமலே விளங்கும். அதற்கு நம்பத்தக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இன்று உள்ளார். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடிச் சென்று சர்க்கரையும் குருதியழுத்தமும் பார்த்து, மருந்தும் தருகின்றனர். பழவேற்காட்டில் எந்தச் செயலியும் இவர்வழியே நோயாளரை அடைதல் நன்று. படத்தை அனுப்புவதும், குரற்செய்தியைக் கேட்கச் செய்வதும், மகன் கடலுக்குச் சென்றிருந்தால் தாயிடம் நேரில் கூறுவதும் இவர் செய்யத்தக்கவை. இதற்கென ஊதியம் கூட்டப்படாமல் பதிவேடு மட்டும் கூட்டப்படுமாயின் பதிவேடே நிரம்பும், பாதம் பார்க்கப்படாது. அவர் வரும் நேரமும் அலுவலக நேரமாக இருத்தல் ஆகாது. காலையில் படகுத்துறையிலும் மீன் ஏலம் நடக்குமிடத்திலும் இருக்கும் பெண்ணை வீட்டில் தேடினால் பூட்டிய கதவையே காணலாம். ஏலம் முடிந்து அவர்கள் திரும்பும் நேரத்தை அவ்வூர்ப் பெண்களிடமே கேட்டு, தன்னார்வலரின் சுற்று அட்டவணையை அதற்கேற்ப அமைப்பது எந்தச் செயலியையும் நிறுவுமுன் செய்யவேண்டிய பணி.