முதல் வாளியை நம்பாதீர்கள்



பல நாள் வெயிலில் காய்ந்து கிடக்கும் முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மண் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். அதே இடத்தில் இரண்டாவது வாளியை ஊற்றினால் கொஞ்சம் தயங்கும். மூன்றாவது வாளித் தண்ணீர் மேலேயே நிற்கும். நாம் தினமும் காணும் இந்தக் காட்சிக்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அரபுக் கல்லூரியில் படித்த எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா?

முற்றங்களுக்கும் பாதைகளுக்கும் சீமெந்து போட்ட பிறகு மழைநீருக்கு இறங்க இடமில்லை. எல்லாம் கானுக்கு ஓடுகிறது. கான் நிரம்பினால் வீட்டுக்குள் வருகிறது. இதற்குப் பரிகாரமாகப் பல நாடுகளில் வீட்டோரத்திலும் பாதையோரத்திலும் ஆழமில்லாத பள்ளங்களை வெட்டி, செடி நட்டு, கூரைத் தண்ணீரை அதற்குள் விடுகிறார்கள். மழைத் தோட்டம் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2011இல் இப்படியான வேலைகளுக்கென்றே 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

பள்ளத்தை எவ்வளவு பெரிதாக வெட்டுவது? மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்லலாம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னைச் சேர்ந்த கிறீன், அம்ப்ற் என்ற இருவர் 1911இல் இதற்கொரு வழி சொன்னார்கள். நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழேயுள்ள காய்ந்த மண் தண்ணீரை இழுக்கிறது. கோடு ஆழம் போகப் போக அந்த இழுவையின் பலன் குறைந்து, கடைசியில் ஒரு நிலையான வேகம் மட்டும் மிஞ்சுகிறது. பொறியியலாளர்கள் இன்றும் கணனியில் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கடைசி வேகம்தான் மண்ணின் உண்மையான குணம். மணல் மணிக்கு ஏறத்தாழ 118 மில்லிமீற்றர் தண்ணீரை இறக்கும். மணல் கலந்த பசளை மண் 11, சாதாரண தோட்ட மண் 3.4, களிமண் 0.3 மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், காய்ந்த களிமண்தான் மணலைவிட அதிக பலத்தோடு தண்ணீரை இழுக்கும். வெடிப்பு விட்ட களிமண்ணில் முதல் வாளி மறைந்துபோவதைக் கண்டு ஏமாறாதீர்கள்.

நாங்கள் ஏமாந்தோம். நான் படிப்பிக்கும் இடத்தில் கோடை காலத்தில் இரண்டு வாளி ஊற்றினோம். தேநீர் குடித்து முடிவதற்குள் தண்ணீரைக் காணவில்லை. உடனே பள்ளம் வெட்டிச் செடி நட்டோம். நவம்பர் மழையில் தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் தேங்கி நின்றது. பிள்ளைகளை நுளம்பு பிடுங்கியது. பெற்றோர் கோபித்ததில் பிழையில்லை. 2017இல் மட்டும் இந்நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பேணி, டயர், அடைபட்ட பீலி போன்றவற்றில்தான் முட்டையிடும் என்பது உண்மை. ஆனாலும் தேங்கிய பள்ளம் வேறு நுளம்புகளுக்கு நல்ல தொட்டில். முட்டை நுளம்பாகி எழும்ப ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் பல நகரங்களில் 72 மணித்தியாலத்துக்குள் பள்ளம் வற்ற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் தண்ணீர். 20 சதுர மீற்றர் பள்ளத்தில் அதை விட்டால் 250 மில்லிமீற்றர் நிற்கும். பள்ளத்தின் மேல் நேரே பெய்ததையும் சேர்த்தால் 300. மணல் கலந்த மண்ணில் அது 27 மணித்தியாலத்தில் வற்றும். சாதாரண தோட்ட மண்ணில் 88 மணித்தியாலம். களிமண்ணில், வெயில் குடிப்பதை விட்டுவிட்டால், நாற்பது நாளுக்கும் மேல்!

ஆகவே முதலில் ஒரு அடி ஆழத்தில் சிறு குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். அந்த வேகத்தை எழுத வேண்டாம். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, பிள்ளையின் அடிமட்டத்தால் மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று அளவுங்கள். குழியின் பக்கங்களாலும் நீர் கசியும், நாளடைவில் வண்டல் படிந்து மேல்மண்ணும் அடைபடும். எனவே கிடைத்த எண்ணில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடியாவது தள்ளியே பள்ளம் இருக்கட்டும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் கிட்ட வேண்டவே வேண்டாம்.

நாங்கள் இரண்டாம் தடவை இப்படி அளந்தபோது கிடைத்தது 6, பாதி 3. பழைய பள்ளத்தை மண் போட்டு ஆழம் குறைத்து, 150 மில்லிமீற்றருக்கு மேல் வரும் தண்ணீர் கானுக்குப் போக ஒரு வாய்க்கால் வெட்டினோம். கடந்த மாரியில் அது வற்ற இரண்டு நாள் எடுத்தது. மழை விட்ட பின் அடியில் படியும் வண்டலை மட்டும் மாணவர்கள் மண்வெட்டியால் சுரண்டி எடுக்கிறார்கள்.