நாகர்கோவில் தொகுதி: மறைந்த பெயரும் மறையாத வரலாறும்

தில்லிக்கு வந்த முதல் வாரம். விடுதியின் உணவுக் கூடத்தில் தமிழ் நண்பர்கள் சிலருடன் அமர்ந்திருந்தேன். "கொஞ்சம் வெள்ளம் தாருங்கள்" என்றேன். மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "வெள்ளம் ஆற்றில் அல்லவா வரும்! நீங்கள் மலையாளியா?" என்று வினவினார். எல்லோரும் நகைத்தனர், நானும் சேர்ந்து நகைத்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் ஊரில் குடிநீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். நான் விளவங்கோடு தாலுகாவில் பிறந்தவன். கேரள எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆகவே, நண்பர் கேட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், "நீ தமிழன்தானா?" என்ற அதே கேள்வியை என் பாட்டாவின் தலைமுறை ஒருமுறை எதிர்கொண்டது. அவர்கள் விடை சொன்னது வாயால் அன்று; வாக்குச் சீட்டால். அந்த விடையின் பெயர்தான் நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதி. அத்தொகுதி இன்று இல்லை. அதன் கதையை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1952 முதல் 2004 வரை அத்தொகுதி பதினான்கு பொதுத் தேர்தல்களையும் ஓர் இடைத்தேர்தலையும் கண்டது. அந்தப் பதினைந்து தேர்தல்களிலும் வென்றவர்கள் ஏழே பேர். நேசமணி மூன்று முறை, தாணுலிங்க நாடார் ஒரு முறை, காமராசர் இரு முறை, குமரி அனந்தன் ஒரு முறை, டென்னிஸ் ஆறு முறை, பொன். இராதாகிருஷ்ணன் ஒரு முறை. பெல்லார்மின் ஒரு முறை. இந்த எழுவரில் ஒருவர்கூடத் தி. மு. க.வையோ அ. இ. அ. தி. மு. க.வையோ சேர்ந்தவர் அல்லர். தமிழகத்தையே புரட்டிப் போட்ட 1967, 1971, 1977 ஆகிய ஆண்டுகளிலும் நிலைமை இதுவே. இதனைக் கேட்பவர், "அப்படியானால் அங்கே தமிழுணர்ச்சி குறைவோ?" என்று ஐயுறலாம். உண்மை அதற்கு நேர்மாறானது.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1949 சூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே இராச்சியம் ஆயின. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தென் தாலுகாக்களிலும் தமிழர்களே பெரும்பான்மையினர். ஆயினும் மொத்த இராச்சியத்தில் அவர்கள் சிறுபான்மையினர். அவர்களுக்காக எழுந்ததுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையுடன் இணைக்க வேண்டும் என்பதே அக்கட்சியின் உயிர்க் கொள்கை.

அதன் தலைவர் வழக்கறிஞர் அ. நேசமணி. 1895இல் பள்ளியாடியில் பிறந்தவர். நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞருக்கு நாற்காலியும் மற்றவருக்கு முக்காலியும் இட்டிருந்ததைக் கண்டு, அம்முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளினார் என்று எங்கள் மாவட்டத்தார் இன்றும் சொல்வார்கள். முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் தொகுதி இவரைத்தான் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. காங்கிரஸ் செல்வாக்கின் உச்சியில் நின்ற 1952ஆம் ஆண்டில், இந்தியக் காங்கிரசின் வேட்பாளரை விட்டுவிட்டு, "எங்களைத் தமிழகத்தோடு சேருங்கள்" என்ற ஒரே கோரிக்கையுடன் நின்றவரை மக்கள் தேர்ந்தெடுத்தனர் என்பதை மறக்கலாகாது.

அதே தேர்தலில் அக்கட்சி இராச்சியத்தின் சட்டசபையில் எட்டு இடங்களைப் பெற்றது. எட்டுப் பேர் என்ன செய்துவிட முடியும்? மந்திரி சபையையே கவிழ்க்க முடியும் என்று காட்டினர். ஏ. ஜே. ஜானின் காங்கிரஸ் மந்திரி சபை அவர்களுடைய ஆதரவில் நின்றது. ஆதரவு நீங்கியது, 1953 செப்டம்பரில் மந்திரி சபை வீழ்ந்தது. 1954 தேர்தலில் எட்டு என்பது பன்னிரண்டு ஆயிற்று.

அதன் பின்னர் வந்தது, எங்கள் ஊர் மறக்காத ஆண்டு. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை முதன்மந்திரியாக இருந்தார். தோட்டத் தொழிலாளத் தமிழர் நிறைந்த தேவிகுளம் பகுதியில் தடையை மீறி நேசமணி கைதானார். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடிய மக்கள்மீது போலீசார் சுட்டனர். உயிர்கள் பலியாயின. பட்டத்தின் சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் இராம் மனோகர் லோகியாவே, "மக்களைச் சுட்ட மந்திரி சபை பதவி விலக வேண்டும்" என்று வற்புறுத்தினார். மந்திரி சபை விலகவில்லை. அக்கட்சிக்குள் பிளவு முற்றியது.

என் பாட்டாவுக்கு அப்போது வயது பத்து. புதுக்கடைக்கு அருகே வீடு. "வெடிச் சத்தம் கேட்டது, மக்களே. கோயில் கொடைக்கு வெடி போடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்பன் ஓடிவந்து கதவைச் சாத்தினார்" என்று மட்டுமே சொல்வார். அதற்குமேல் கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் அடங்கிய இராச்சியச் சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. நான்கு தென் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு உரியன என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. முழு வெற்றி அன்று, ஆயினும் வெற்றி. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அன்றுதான் நாகர்கோவில் தொகுதியும் திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்துக்கு வந்தது.

நண்பர்களே, இங்கேதான் என் விளக்கத்தின் மையம் இருக்கிறது. தமிழகத்தின் பிற பகுதிகளில் தமிழுணர்ச்சி திராவிட இயக்கத்தின் கொடியின்கீழ் வளர்ந்தது. எங்கள் மாவட்டத்திலோ, அவ்வியக்கம் தேர்தல் களத்துக்கு வருமுன்பே, தமிழுணர்ச்சிக்கெனத் தனிக் கட்சி ஒன்று தோன்றிப் போராடி வென்றுவிட்டது. கொண்ட நோக்கம் நிறைவேறியபின் அக்கட்சியின் தலைவர்கள் காங்கிரசில் கலந்தனர். போராட்டத்தில் நின்ற தாணுலிங்க நாடார் 1957இல் காங்கிரஸ் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். நேசமணி 1962இல் அதே காங்கிரஸ் சின்னத்தில் மீண்டும் வென்றார். ஆகவே, எங்கள் மக்களுக்குக் காங்கிரஸ் என்பது தில்லியின் கட்சியாகத் தோன்றவில்லை. தாய்த் தமிழகத்துடன் தம்மைச் சேர்த்தவர்களின் கட்சியாகவே தோன்றியது.

1967 வந்தது. தி. மு. க.வின் அலையில் சென்னை மாநிலத்தின் முப்பத்தொன்பது பாராளுமன்றத் தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே. அவற்றுள் ஒன்று நாகர்கோவில். காமராசரோ தம் சொந்த விருதுநகரில், சட்டசபைத் தேர்தலில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். மாணவராகிய நமக்கு அச்செய்தி பெருமை தரலாம். அந்தப் பெரியவருக்கு அது எத்தகைய புண் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1968 சூனில் நேசமணி மறைந்தார். 1969 சனவரியில் இடைத்தேர்தல். விருதுநகர் கைவிட்டவரை நாகர்கோவில் அழைத்தது. எதிர்த்து நின்றவர் சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ், ஆளும் தி. மு. க. அவரை ஆதரித்தது. காமராசர் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அயலூர்க்காரர் என்று எவரும் அவரை ஒதுக்கவில்லை. குமரி மாவட்டம் தமிழகத்தில் சேர்ந்த நாளில் சென்னையின் முதலமைச்சராக அமர்ந்திருந்தவர் அவர் அல்லவா?

அவ்வாண்டு இறுதியில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. காமராசர் ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1971இல் இந்திரா காங்கிரசும் தி. மு. க.வும் கைகோத்து நின்றன. தமிழகம் முழுவதிலும் ஸ்தாபன காங்கிரஸ் வென்ற பாராளுமன்றத் தொகுதி ஒன்றே ஒன்று. அது நாகர்கோவில், வென்றவர் காமராசர். 1975 அக்டோபர் 2இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அத்தொகுதியின் உறுப்பினராகவே அவர் மறைந்தார்.

1977இல் அவர் இடத்துக்கு அதே ஸ்தாபன காங்கிரசின் குமரி அனந்தன் வந்தார். நாவன்மை மிக்கவர். பாராளுமன்றத்தில் தமிழில் வினா எழுப்பும் உரிமைக்காக இடைவிடாது வாதாடியவர். தமிழுக்காக எழுந்த தொகுதியின் உறுப்பினர் அந்த அவையில் தமிழ் ஒலிக்கப் பாடுபட்டது பொருத்தமே அன்றோ!

பின்னர் டென்னிசின் நெடுங்காலம். 1980 முதல் 1991 வரை நான்கு தேர்தல்களில் காங்கிரஸ் சார்பிலும், 1996, 1998 ஆகிய இரண்டில் தமிழ் மாநிலக் காங்கிரஸ் சார்பிலும் அவர் வென்றார். 1999இல் பாரதீய ஜனதாக் கட்சியின் பொன். இராதாகிருஷ்ணன் வென்று மத்திய இணையமைச்சரானார். ஐந்தே ஆண்டுகளில், 2004இல், மக்கள் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பெல்லார்மினைத் தேர்ந்தனர். வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு ஒரே தாவல்!

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. 1977க்குப் பின் வென்ற ஒவ்வொருவருக்கும் தி. மு. க.வோ அ. இ. அ. தி. மு. க.வோ கூட்டணித் துணையாக நின்றது. கூட்டணியில் இடம் பங்கிடும்போது அவ்விரு கட்சிகளும் நாகர்கோவிலை அகில இந்தியக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தன. தேசியக் கட்சிகள் அங்கே வலுவாக இருந்தமையால் விட்டுக்கொடுத்தன. விட்டுக்கொடுத்தமையால் அவை மேலும் வலுவடைந்தன. காரணமும் காரியமும் ஒன்றையொன்று வளர்த்தன. சமயமும் இதில் பங்கு கொண்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு; கிறித்தவர் ஏறத்தாழ 47 விழுக்காடு. 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்துக்குப் பின் வாக்குகள் சமய வழியிலும் பிரியலாயின. எங்கள் வரலாற்றில் பெருமைப்படத் தக்கவை மட்டுமே உள்ளன என்று நான் சொல்ல வரவில்லை.

தொகுதி எவ்வாறு மறைந்தது? 2001 மக்கள் தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த எல்லை வரையறை ஆணையம் தொகுதிகளை மாற்றி வரைந்தது. தமிழகத்தில் ஒரு பாராளுமன்றத் தொகுதிக்கு ஆறு சட்டசபைத் தொகுதிகள். எங்கள் மாவட்டத்திலோ ஏழு இருந்தன. ஆகவே கன்னியாகுமரிச் சட்டசபைத் தொகுதி மட்டும் திருச்செந்தூர்ப் பாராளுமன்றத் தொகுதியில் கிடந்தது. 2008இல் திருவட்டாறு சட்டசபைத் தொகுதி நீக்கப்பட்டது; ஏழு ஆறாயிற்று. பிரிந்து கிடந்த கன்னியாகுமரி திரும்பி வந்தது. மாவட்டமும் தொகுதியும் ஒன்றாயின. ஆகவே மாவட்டத்தின் பெயரே தொகுதிக்கும் சூட்டப்பட்டது. நாகர்கோவில் என்ற பெயர் பாராளுமன்றப் பட்டியலிலிருந்து நீங்கியது.

விந்தை ஒன்று காணுங்கள். புதிய பெயரில் நடந்த முதல் தேர்தலிலேயே, 2009இல், தி. மு. க.வின் ஹெலன் டேவிட்சன் வென்றார். அம்மண்ணிலிருந்து பாராளுமன்றம் சென்ற முதல் தி. மு. க. உறுப்பினர் அவர், முதல் பெண் உறுப்பினரும் அவரே. ஆனால் 2014இல் மீண்டும் பொன். இராதாகிருஷ்ணன். 2019இல் காங்கிரசின் எச். வசந்தகுமார், இவர் குமரி அனந்தனின் தம்பி. அவர் 2020இல் மறைந்தபின், 2021 இடைத்தேர்தலிலும் 2024 பொதுத் தேர்தலிலும் அவர் மகன் விஜய் வசந்த் வென்றார். பெயர் மாறியது, பழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

சென்ற விடுமுறையில் பாட்டாவிடம் வாக்காளர் அட்டையைக் காட்டி, "நம் தொகுதி எது, பாட்டா?" என்று கேட்டேன். "நாகர்கோவில்" என்றார். "அந்தப் பெயர் போய்ப் பல வருடம் ஆயிற்றே" என்றேன். "நான் முதல் ஓட்டு நேசமணிக்குப் போட்டேன். அடுத்த ஓட்டு காமராசருக்குப் போட்டேன். இரண்டும் நாகர்கோவில் தொகுதியில்தான், மக்களே. பெயரை மாற்றினால் போட்ட ஓட்டு மாறிவிடுமா?" என்றார்.

மதுரை நண்பர் இன்று எனக்கு நெருங்கிய தோழர். இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை முதலில் படித்தவரும் அவரே. படித்து முடித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கூசாவை என் பக்கம் தள்ளி, "வெள்ளம் குடியுங்கள்" என்றார்.