‘எப்போ வந்த? எப்போ கிளம்புற?’ - சென்னைக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவே ஊசலாடும் மனசு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவலூர்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். தோளில் லேப்டாப் பை, கையில் கட்டைப்பை. கட்டைப்பைக்குள் அரிசி, ஊறுகாய் பாட்டில், வறுத்த மல்லாட்டை. செஞ்சிக்குப் போய், அங்கிருந்து திண்டிவனம் வழியாக சென்னைக்குப் போக வேண்டிய இளைஞர்கள். வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “எப்போ வந்த தம்பி? எப்போ கிளம்புற?”

இரண்டு கேள்விக்கும் நடுவே மூச்சுவிடக்கூட இடைவெளி இருக்காது. வந்ததைக் கேட்ட கையோடு போவதையும் கேட்டுவிடுகிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால், ‘நீ இங்கே விருந்தாளி’ என்று சொல்வதுபோலவும் இருக்கிறது. சரி, சென்னையிலாவது சொந்தக்காரர் ஆகிவிட்டாரா என்றால், அங்கே கேட்கிற முதல் கேள்வி “சொந்த ஊர் எது?”

வாழ்கிற நகரத்தைப் பிடிக்கவும் செய்கிறது, பிடிக்காமலும் போகிறது. இது வெறும் சலிப்பா, நன்றிகெட்டத்தனமா, இல்லை இயல்பான மனநிலைதானா?

கிளம்ப வேண்டிய கட்டாயம் ஏன்?

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கிறது அவலூர்பேட்டை. செஞ்சி, சேத்துப்பட்டு, திருவண்ணாமலை என்று மூன்று ஊர்களுக்கும் சாலை பிரிகிற இடம். வாரச்சந்தை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், சித்தகிரி முருகன் கோயில் பங்குனி உத்திரம் என்று சுற்றுவட்டார கிராமங்களுக்கு இதுதான் ‘டவுன்’. நெல்லும் மல்லாட்டையும்தான் இந்தப் பக்கத்துப் பொருளாதாரம். ஏரி நிரம்பினால் ஊர் நிமிரும். மழை ஏமாற்றினால் கடன்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். ஆனால், அப்போது கள்ளக்குறிச்சியையும் சேர்த்து ஒரே மாவட்டமாக இருந்த விழுப்புரத்தில் இது சுமார் 15 சதவீதம்தான். நாட்டிலேயே அதிகம் நகரமயமான மாநிலங்களில் ஒன்றுக்குள், இப்படி ஒரு கிராமப்புற மாவட்டம். பட்டம் படித்தவருக்கு ஏற்ற வேலை உள்ளூரில் குறைவு என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

போக்குவரத்தும் கைகொடுக்கவில்லை. திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. ஆனால், செஞ்சியில் இன்னும் ரயில் நிற்கவில்லை. அந்த ரயில் ஓடியிருந்தால் தினமும் போய்வருவது பற்றிச் சிலராவது யோசித்திருப்பார்கள். இப்போதைக்கு இரண்டே வழிதான்: இங்கேயே இருப்பது, அல்லது அங்கேயே தங்கிவிடுவது.

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது பழமொழி. எல்லாம் இழந்தாலும் பட்டணத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கை அதில் இருக்கிறது. பட்டணத்தை ‘நேசி’ என்று பழமொழிகூடச் சொல்லவில்லை; ‘சேர்’ என்றுதான் சொல்கிறது.

சென்னை மீது என்ன கோபம்?

கோபத்துக்குக் காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இரண்டுக்கும் நடுவே, 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். ஒரே பத்தாண்டுக்குள் மூழ்கவும் செய்த, தாகத்தில் தவிக்கவும் செய்த நகரம் இது.

இதோடு வாடகை, அட்வான்ஸ், ‘பேச்சிலரா?’ என்ற விசாரணை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும் இன்னொன்று சேர்ந்துகொண்டது. முன்பு செஞ்சி பஸ்ஸில் தூங்கினால் கோயம்பேட்டில், நகரத்துக்குள்ளேயே கண் விழிக்கலாம். இப்போது விடியாத நேரத்தில் நகரத்தின் எல்லையில் இறங்கி, கட்டைப்பையோடு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நெரிசலைக் குறைக்க எடுத்த முடிவு என்பது புத்திக்குப் புரிகிறது. திங்கட்கிழமை காலை நாலரை மணிக்கு மனசுக்குப் புரிவதில்லை.

பிறகு ஏன் விட்டுவிட முடியவில்லை?

சம்பளம் மட்டும் காரணம் இல்லை. ஜெர்மன் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1903-ல் பெருநகர மனநிலை பற்றி எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விடை தருகிறது. நகரத்தில் ஒரு நாளில் கண்ணில் படும் முகங்களும் சத்தங்களும் ஏராளம். எல்லாவற்றுக்கும் மனசு கொடுத்தால் தாங்காது. அதனால் நகரவாசி ஒரு விலகலைக் கவசம்போல அணிந்துகொள்கிறார். பக்கத்து ஃபிளாட்காரர் பெயர் தெரியாமல் இருப்பது அதனால்தான். ஆனால், சின்ன ஊர் தராத ஒரு சுதந்திரத்தை அதே விலகல்தான் தருகிறது என்பதும் சிம்மலின் வாதம்.

அவலூர்பேட்டை அளவு ஊரில் இருந்து வந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரில் டீக்கடைக்குப் போனால் ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்று தெரியும். அதுவே அன்பு, அதுவே கண்காணிப்பு. எந்தத் தெரு என்று கேட்டால், பல நேரம் அது முகவரிக்கான கேள்வி மட்டும் இல்லை. சாதியைத் தெரிந்துகொள்ளும் சுற்றுவழியும்கூட. எட்டு மணிக்கு மேல் வேலை முடித்துத் தனியாக வீடு திரும்பும் பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். நகரம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. சென்னை நகரத்தில் சாதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாடகை வீடு தேடும்போது அது தலைகாட்டும். ஆனாலும், தெருவில் நடக்கும்போது யாரோ ஒருவராக நடக்க முடிகிறது. அந்த ‘யாரோ ஒருவர்’ என்பது சிலருக்குத் தனிமை. சிலருக்கு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்த நிம்மதி. ஒரே ஆளுக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வரலாம்.

உளவியல் என்ன சொல்கிறது?

ஒன்றின் மீதே விருப்பும் வெறுப்பும் சேர்ந்து இருப்பதை உளவியலில் ‘ஆம்பிவேலன்ஸ்’ என்கிறார்கள். தமிழில் இருமனம் எனலாம். 1910 வாக்கில் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளூலர் உருவாக்கிய சொல் இது. முதலில் நோயாளிகளை விவரிக்கப் பயன்பட்ட இந்தச் சொல், பிறகு எல்லோருக்கும் பொதுவான உணர்வைக் குறிக்கும் சொல்லாக விரிந்தது.

இடங்களோடு மனிதருக்கு ஏற்படும் பிணைப்பை ஆராய்பவர்கள் ‘இடப் பற்று’ என்றொரு துறையையே வளர்த்திருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த லெய்லா ஸ்கானெல், ராபர்ட் கிஃபோர்ட் இருவரும் 2010-ல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். யாருக்குப் பற்று (அவருடைய நினைவுகள், சமூகம்), எதன் மீது பற்று (அங்குள்ள மனிதர்கள், அல்லது மலை, ஏரி, தெரு), அந்தப் பற்று எப்படி வெளிப்படுகிறது (உணர்வு, எண்ணம், செயல்).

இந்த அளவுகோலை அவலூர்பேட்டை - சென்னை வாழ்க்கை மீது வைத்துப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம் தெளிகிறது. நினைவும் உறவும் ஊரில் இருக்கின்றன. திறமையும் அன்றாடமும் நகரத்தில் இருக்கின்றன. மனசு ஊரை நினைக்கிறது. கால் மாநகரப் பேருந்தின் தடம் எண்ணைத் தானாகத் தேடுகிறது. இரண்டும் உண்மையான பற்றுதான். வேறு வேறு வகை, அவ்வளவே.

அமெரிக்க ஆய்வாளர் லின் மான்ஸோ 2005-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. ‘வீடு’, ‘ஊர்’ என்றாலே இனிமை என்று எழுதுவது பாதி உண்மைதான். கசப்பான அனுபவம் தந்த இடங்களும் ஒருவரை உருவாக்குகின்றன என்பதே அதன் சாரம். ஆக, ஊர் என்றால் சொர்க்கம், நகரம் என்றால் நரகம் என்கிற வாட்ஸ்அப் ஃபார்வேர்டு இரண்டு இடத்துக்கும் நியாயம் செய்யவில்லை.

வந்தவர் எப்போது ஊர்க்காரர் ஆகிறார்?

இந்தக் கேள்விக்கு அவலூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் நிற்கிறது. செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை. 2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்று மட்டும்.

இந்தக் கோட்டையின் கதையே வந்தவர்களின் கதைதான். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் சொந்த மண்ணை விட்டு வந்து, பல ஆண்டுகள் இங்கிருந்தே மராத்திய அரசை நடத்தினார். 1698-ல் முகலாயர் கைக்குப் போனது. 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர்.

ஆனால், இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பெயர் தேசிங்கு ராஜா. அவர் வடக்கே இருந்து வந்த பந்தேலா ராஜபுத்திரக் குடும்பத்தவர். இயற்பெயர் தேஜ் சிங். ஆண்டது கொஞ்ச காலமே. 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இளம் வயதிலேயே உயிரை விட்டார். எட்டு ஆண்டு முற்றுகை போட்டு ஜெயித்தவர்களை ஊர் மறந்துவிட்டது. கொஞ்ச நாள் இருந்தவரைத் தன் கதைப்பாடலில் ஏற்றிக்கொண்டது. எத்தனை ஆண்டு இருந்தார் என்பதை விட, அந்த இடத்துக்காக எதைப் பணயம் வைத்தார் என்பதைத்தான் ஊர் கணக்கில் எடுத்திருக்கிறது.

சட்டம் கேட்கும்போது என்ன சொல்வது?

மனசு இரண்டு ஊரில் இருக்கலாம். வாக்காளர் பட்டியலில் முடியாது. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில், அதுவும் ஒரே முறைதான் இருக்க வேண்டும். ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்பதே அளவுகோல். சொந்த வீடு இருப்பதாலேயே அங்கு வசிப்பவர் ஆகிவிட முடியாது. தற்காலிகமாக வெளியே போனதாலேயே வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது. வேறு முகவரிக்கு மாற்ற படிவம் 8.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வெளியூரில் வேலை செய்யும் பலருக்கும் இது வெறும் படிவமாக இருக்கவில்லை. ஊரில் ஓட்டு இருப்பது, தேர்தலுக்கு பஸ் பிடித்துப் போவதற்கு ஒரு காரணம். அதை மாற்றுவது அப்பாவிடம் சொல்லத் தயங்குகிற விஷயம். ஆனால், தினமும் நடக்கிற தெருவின் மழைநீர் வடிகால் பற்றிக் கேட்கும் உரிமை அந்தத் தெருவில் ஓட்டு இருப்பவருக்குத்தான் கூடுதல் வலுவோடு கிடைக்கிறது. சென்னையைத் திட்டுகிற பலருக்கு சென்னையில் ஓட்டு இல்லை என்பதும் யோசிக்க வேண்டியது.

இந்த ஊசலாட்டத்தை எப்படிக் கையாள்வது?

*பண்டிகை முடிந்த மறுநாள் முடிவெடுக்க வேண்டாம்.* பங்குனி உத்திரத் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சென்னை கசக்கும். வெள்ளத்தில் மாட்டிய வாரமும் அப்படித்தான். வேலையை விடுவது, வீடு மாற்றுவது போன்றவற்றை சாதாரண வாரம் ஒன்றில் யோசிப்பது நல்லது.

*கோபத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.* பயண நேரம், வாடகை, தண்ணீர் போன்றவை பகுதி மாறினால் குறையக்கூடியவை. பிரிவும் தனிமையும் வேறு. முதல் வகைக் கோபத்தை இரண்டாவதன் மீது ஏற்றினால் நகரமே எதிரியாகத் தெரியும்.

*நகரத்தைச் சின்னதாக்கலாம்.* 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சியை யாராலும் நேசிக்க முடியாது. ஒரு டீக்கடை, ஒரு நூலகம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு காய்கறிக்காரம்மா போதும். ஊர் என்பதும் அப்படித்தான் உருவாகியிருக்கும்.

*ஊரையும் இன்றைய கண்ணால் பார்க்கலாம்.* விட்டுவந்த வயதிலேயே ஊர் நின்றுவிடுவதில்லை. அங்கேயே தங்கியவர்களுக்கும் அந்த ஊர் மீது கலவையான உணர்வுதான் இருக்கிறது. ‘நீயாவது தப்பிச்ச’ என்று சொல்கிற அதே நண்பன், ‘உனக்கென்ன, ஊரையே மறந்துட்ட’ என்றும் சொல்வான்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை தோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். அதைப் பார்க்க சென்னையில் இருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். அன்றைக்கு மட்டும் திசை மாறுகிறது. அவலூர்பேட்டைக்காரர் சென்னைக்குப் போக பஸ் தேடும்போது, சென்னைக்காரர் இந்தப் பக்கம் வந்து இறங்குகிறார்.

அடுத்த முறை யாராவது “எப்போ கிளம்புற?” என்று கேட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை. “ஞாயித்துக்கிழமைங்க. அடுத்த மாசம் திரும்ப வருவேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறலாம். கட்டைப்பையில் மல்லாட்டை இருக்கிறது. ஆபீஸில் நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும்.