அன்னாசி டின் ஏன் கெட்டுப்போவதில்லை?

மாணவர்களே, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் உங்கள் தம்பியோ தங்கையோ கல்விச் சுற்றுலா போய்விட்டு வந்ததும் "என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். விலங்குத் தோட்டம் என்றால் புலி, பாம்பு என்று ஒரு மணி நேரம் கதை வரும். பழைய தொழிலைக் காட்டும் அருங்காட்சியகம் என்றால், "பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தேன், அப்புறம் பழைய சாமான் பார்த்தோம்" என்பதோடு முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டு வயதுப் பிள்ளைகள் சென்ற அப்படியொரு சுற்றுலாவுக்கு நானும் துணையாகப் போயிருந்தேன். கண்ணாடிப் பேழைக்குள் பழைய டின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு சிறுவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "டீச்சர், வீட்டில் வெட்டி வைத்த அன்னாசி மூணு நாளில் புளிச்சுப் போகுது. டின்னில் இருக்கிறது மட்டும் ஏன் கெட்டுப்போகல?" என்று கேட்டான். ஆசிரியைக்கோ நாற்பது தலைகளை எண்ண வேண்டிய கவலை. "வரிசையில் நில்லுப்பா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற நானும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான். பதில் இல்லாமலே அது பஸ் ஏறிப் போய்விட்டது.

அடுத்த முறை அப்படி ஆகக் கூடாது. அறிவியல் படிக்கும் அண்ணன் அக்காள்களான நீங்கள், பிள்ளைகள் கிளம்புவதற்கு முந்தைய வாரமே கொஞ்சம் உதவினால் போதும்.

ஜொகூரில் இருப்பவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நனாஸ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு அன்னாசிப் பட்டணம் என்று பொருள். அங்கே அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஒரு பழத்துக்கு எதற்கு அருங்காட்சியகம் என்று நினைக்கலாம். மலாயாவில் ஈயமும் ரப்பரும் போல அன்னாசியும் ஒரு பெருந்தொழிலாக இருந்தது. 1888 வாக்கில் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் அன்னாசியை டின்னில் அடைக்கத் தொடங்கினார். 1930களில், டின் அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்த் தீவுகளுக்கு அடுத்த இடம் மலாயாவுக்குத்தான். டின்கள் பெரும்பாலும் பிரிட்டனுக்குக் கப்பலேறின. ஜப்பானியர் காலத்தில் தொழில் நொறுங்கிப்போய் மறுபடியும் எழுந்தது. 1957இல் அதற்கென ஒரு வாரியமே அமைந்தது. அதன் தலைமையகம் இன்றும் ஜொகூர் பாருவில்தான் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டங்களுக்கும் அன்னாசிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வருமானம்? கன்றுகளின் இடைவெளியில் அன்னாசியை நட்டார்கள். ஆக, அன்னாசி முதலில் ரப்பரின் நிழலில் வளர்ந்த ஊடுபயிர்.

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம்.

பழம் கெடுவது தானாக நடப்பதில்லை. நொதியங்களும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதைத் தின்பதைத்தான் நாம் "கெட்டுப்போச்சு" என்கிறோம். தொழிற்சாலையில் பழத்துண்டுகளை டின்னில் போட்டு, பாகு ஊற்றி, சூடாக இருக்கும்போதே மூடி, மறுபடியும் கொதிக்கும் சூட்டில் வைக்கிறார்கள். உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. மூடி இறுக்கமாக இருப்பதால் வெளியிலிருந்து புதியவை நுழைய வழியில்லை. அவ்வளவுதான்.

இந்த வழியைக் கண்டுபிடித்த நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மிட்டாய்க்காரர். கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் கொதிக்க வைத்து, 1810இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். ஆனால் அது ஏன் பலிக்கிறது என்று அவருக்கே தெரியாது! லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கியது அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான். அதே 1810இல் லண்டனில் பீட்டர் டுராண்ட் புட்டிக்குப் பதிலாகத் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். டின் வந்துவிட்டது, டின் திறப்பான் வரவில்லை. பல ஆண்டுகள் உளியும் சுத்தியலும் கொண்டுதான் அதைத் திறந்தார்கள். தம்பி தங்கைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கூடவே மறக்கவும் மாட்டார்கள்.

படிவம் மூன்று, நான்கு மாணவர்களுக்கு இன்னொரு கேள்வி. அன்னாசிக்கு 100 பாகை செல்சியஸ் கொதிநீரே போதும். அலமாரியில் இருக்கும் சார்டின் டின்னுக்கு அது போதாது. பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் 121 பாகை அளவுக்குச் சூடேற்ற வேண்டும். ஏன்? விடை அமிலத்தில் இருக்கிறது. போட்டுலினம் என்ற கொடிய பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாதவை. ஆனால் pH மதிப்பு 4.6க்குக் கீழே இருந்தால் அவை முளைப்பதில்லை. அன்னாசியின் pH மூன்றரையை ஒட்டி இருக்கும். பழத்தின் புளிப்பே பாதிக் காவல் வேலையைச் செய்துவிடுகிறது. மீனில் அந்தப் புளிப்பு இல்லை.

அந்தப் புளிப்பு இரும்பை அரிக்காதா என்று கேட்டால், அரிக்கும். இங்கே பாட்டியை அழைத்து வாருங்கள். அந்தக் காலத்தில் பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதற்கு முன் உள்ளே ஈயம் பூசிக்கொள்வார்கள். அன்னாசி டின்னும் அதே கதைதான். உருக்குத் தகட்டின் மேல் மெல்லிய ஈயப் பூச்சு இருக்கும். உங்கள் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட அது இருக்காது. (நம் நாட்டில் ஈயம் என்றால் பேராக் ஈய வயல்களில் எடுத்த வெள்ளீயம். நச்சுள்ள காரீயம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பல டின்களின் உள்பக்கத்தில் பிசின் பூச்சு அடிப்பார்கள். வெளிர்நிறப் பழங்களான அன்னாசி, பீச் போன்றவற்றுக்கு ஈயத்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். உள்ளே மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை ஈயம் பிடித்துக்கொள்வதால் பழத்தின் நிறம் கறுக்காது. ஈயம் தான் மெல்லக் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. டின்னைத் திறந்துவிட்டால் காற்று புகுந்து ஈயம் வேகமாகக் கரையத் தொடங்கும். மிச்சப் பழத்தை டின்னோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்காதே, கிண்ணத்தில் மாற்று என்று அம்மா சொல்வது இதனால்தான்.

மூடி உடலோடு சேரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று கொக்கிபோலக் கவ்வி மடிந்திருக்கும். இந்த முறை வந்த காலத்தில், நடுவே நூலிழை இடைவெளியும் இல்லாமல் அடைக்க ரப்பர் கலந்த பசையைப் பயன்படுத்தினார்கள். மலாயாவின் மூன்று பெருந்தொழில்களும் ஒரே டின்னில் சந்தித்துக்கொண்டன!

இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் சொற்பொழிவாகச் சொன்னால் கொட்டாவிதான் வரும். சோதனையாகக் காட்டுங்கள்.

முதலாவது, காலி பானக் கேனில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள். ஆவி நன்றாக வந்ததும் இடுக்கியால் பிடித்து, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் தலைகீழாகக் கவிழ்த்துங்கள். 'டப்' என்று கேன் நசுங்கும். (ஆசிரியர் அல்லது பெற்றோர் முன்னிலையில் நீங்கள் செய்யுங்கள், சிறியவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும்.) உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து நீரானதால் கேனுக்குள் அழுத்தம் சட்டென்று குறைந்தது. வெளிக்காற்று அதை நசுக்கியது. அன்னாசி டின்னைச் சூடாக மூடிக் குளிரவிடும்போதும் இதுவே நடக்கிறது. மூடியின் விட்டம் 8 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. உள்ளே பாதி வெற்றிடம் இருந்தால்கூட மூடியின் மேல் 25 கிலோ மூட்டை உட்கார்ந்ததுபோல்தான். அதனால் நல்ல டின்னின் மூடி சற்றே உட்குழிந்திருக்கும். வெளியே உப்பியிருந்தால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது என்று பொருள். கடையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் வாங்காதீர்கள். மூடியில் வட்டம் வட்டமாக வரிகள் இருக்கின்றனவே, அவை அழகுக்கு அல்ல. சூட்டில் உப்பவும் குளிரில் உட்குழியவும் மூடிக்கு நெகிழ்வு கொடுப்பவை அவை.

இரண்டாவது சோதனை சாப்பிடக்கூடியது. மூன்று கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஜெலட்டின் ஜெல்லியோடு பச்சை அன்னாசித் துண்டு, இன்னொன்றில் அதே ஜெல்லியோடு டின் அன்னாசி, மூன்றாவதில் அகர் அகரோடு பச்சை அன்னாசி. இரவு முழுதும் குளிரட்டும். காலையில் முதல் கிண்ணம் மட்டும் தண்ணீராகவே இருக்கும். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டிப்போடுவதே அதன் வேலை. ஜெலட்டின் ஒரு புரதம், அதனால் உறையவில்லை. டின் அன்னாசியில் அந்த நொதியைச் சூடு செயலிழக்கச் செய்துவிட்டது. அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது, புரதமே அல்ல. நொதி அதை என்ன செய்ய முடியும்? வீட்டில் சைவம், ஜெலட்டின் வாங்க மாட்டார்கள் என்றால் பாலில் பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டுச் சில மணி நேரம் கழித்து நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள், கசக்கும். நிறைய அன்னாசி தின்றால் நாக்கு எரிவதிலும் இந்த நொதிக்குப் பங்குண்டு. நீங்கள் அன்னாசியைத் தின்கிறீர்கள், அன்னாசியும் உங்களைக் கொஞ்சம் தின்கிறது.

இந்தச் சோதனையைப் பார்த்த பிள்ளைக்கு, தொழிற்சாலைப் படங்களில் பெண்கள் ஏன் ரப்பர் கையுறை போட்டிருக்கிறார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஒரு முழு அன்னாசியையும் மார்க்கர் பேனாவையும் கொடுங்கள். கண்கள் சாய்ந்த வரிசைகளாகச் சுற்றி ஏறும். ஒரு பக்கம் சாய்ந்த வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் 8, மறுபக்கம் 13. இவை ஃபிபொனாச்சி எண்கள். பழத்தைக் கையால் சீவுபவர்கள் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு சுருள் சுருளாக வெட்டி, பழம் வீணாகாமல் கண்களை மட்டும் எடுத்துவிடுவார்கள். சாலையோரப் பழக்கடையில் இன்றும் பார்க்கலாம். ஹவாயில் 1911இல் ஹென்றி ஜினாக்கா என்ற பொறியாளர், தோலைச் சீவி நடுத்தண்டையும் எடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். கத்தி பிடித்த கைக்குப் பழத்தின் வடிவம் தெரியும். இயந்திரத்துக்கு எல்லாப் பழமும் ஒரே உருளைதான். பருமனான பழம் வந்தால் நல்ல சதையும் தோலோடு போய்விடும்.

பயண நாளன்று பொந்தியான் பக்கம் போகும்போது பஸ் சன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்கால்களும் கறுத்த மண்ணும் தெரிந்தால் அது கரிச்சேற்று நிலம், மலாயில் காம்புட். பல்லாயிரம் ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் நீரில் மூழ்கி, ஆக்சிஜன் இல்லாமல், அமிலத்தில் ஊறி, மட்காமல் கிடக்கின்றன. கிட்டத்தட்ட இயற்கை அடைத்துவைத்த டின் என்று சொல்லலாம். ஒரே வேறுபாடு, இங்கே யாரும் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொல்லவில்லை. அவை வாய்ப்புக்காகக் காத்திருக்கின்றன. இந்தப் புளித்த மண்ணில் பல பயிர்கள் தவிக்கும். அன்னாசி தாக்குப்பிடிக்கும், அதனால்தான் மேற்கு ஜொகூரில் அது வேரூன்றியது. ஆனால் பயிரிட வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் டின்னைத் திறந்த கதைதான். காற்று புகுந்ததும் மண் மட்கி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். வறண்ட மாதங்களில் தீப்பற்றினால் மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். புகைமூட்டத்தால் பள்ளியை மூடிய நாள்கள் உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

அருங்காட்சியகத்தில் நீங்களும் கூட நின்றால், பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட வேண்டாம். சிறியவர்களின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து கண்ணாடிப் பேழைக்குள் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் பேழையின் கால்தான் தெரியும்! எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பொருளின் முன்னால் உட்காரவைத்து, "இதை வைத்து வேலை செய்தவருக்கு எந்தக் கை வலித்திருக்கும்?" என்று கேளுங்கள். உடனே கையை ஆட்டி நடித்துக் காட்டுவார்கள்.

அன்னாசித் தோட்டத்திலோ டின் ஆலையிலோ வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் குடும்பத்தில், அல்லது பக்கத்து வீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். திரும்பி வந்த வாரக் கடைசியில் பிள்ளைகளை அவரிடம் கூட்டிப்போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பழம் சீவினீர்கள், கையுறை கிழிந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களே கேட்கட்டும். நீங்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போகும்போது ஒரு முழு அன்னாசியையும் கத்தியையும் எடுத்துப் போக மறந்துவிடாதீர்கள். சீவிக் காட்டச் சொன்னால் மறுக்க மாட்டார்.