உங்களுக்குத் தெரியுமா? மணமகள் வாயில் ஆண்குரல்!

● காதல், சாபம், பேய்பிடித்தல் மூன்றும் பின்னிய புகழ்பெற்ற யூத நாடகம் ‘திபுக்’. ஆசிரியர், ரஷ்யப் பேரரசில் பிறந்த எஸ். ஆன்ஸ்கி (1863–1920).

● உயிருள்ளவர் உடலில் புகும் இறந்தவரின் ஆவியே திபுக் என்பது யூதர் நம்பிக்கை.

● நாடகத்தில், தான் காதலிக்கும் லேயாவுக்கு வேறிடத்தில் திருமணம் நிச்சயமானதைக் கேட்டதும் ஏழை மாணவன் ஹோனன் விழுந்து இறக்கிறான். திருமண நாளில் அவன் ஆவி அவளுக்குள் புகுந்து பேசுகிறது.

● பிள்ளைகள் பிறக்கும் முன்பே இருவரின் தந்தையரும் சம்பந்தம் பேசியிருந்தனர். வாக்கை மறந்தவர் லேயாவின் தந்தை. யூத குருவின் சபையில் வழக்கு தொடுப்பவரோ, ஹோனனின் செத்துப்போன தந்தை! ‘சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடு’ என்கிறது தீர்ப்பு. ஆவி விரட்டப்படுகிறது, லேயாவோ உயிர்விட்டு அவனோடு சேர்கிறாள்.

● 1912–14இல் இன்றைய உக்ரைன் பகுதியின் சிற்றூர்களில் நாட்டார் கதைகளைத் திரட்டியவர் ஆன்ஸ்கி. அந்த மரபிலிருந்து பிறந்ததே இந்நாடகம்.

● அரங்கேற்றத்தை அவர் பார்க்கவில்லை. 1920 நவம்பரில் அவர் இறந்தார். 30 நாள் துக்கம் முடிந்ததும் வார்சாவில் நாடகம் மேடையேறியது.

● 1937இல் போலந்தில் யிட்டிஷ் மொழியில் திரைப்படமாகவும் வந்தது.