மரம்போல் தோன்றும் தரையோடு

கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலே மகளின் திருமணத்திற்கு முன் அவளுக்கென ஒரு வீட்டை அமைத்துக் கொடுப்பது பெற்றோர் தலைமேற் கொண்ட கடன். பொத்துவிலும் இவ்வழக்கிற்கு விலக்கன்று. சுவரெழுந்து, கூரையேறி, கைப்பணம் மெலிந்திருக்கும் வேளையிலேதான் தரையைப் பற்றிய பேச்சு எழுகின்றது. அவசரத்திற் செய்த தெரிவோ பல்லாண்டு காலின்கீழ்க் கிடக்கும்.

முதிரையும் பாலையும் வளர்ந்த காட்டருகே வாழ்ந்தபோதும், அவ்வூரவர் மரத்தைக் கதவிற்கும் யன்னலுக்குமே பயன்படுத்தினர். நிலத்திற்கு இட்டவர் அரியர். கறையானும் மாரிமழையின் ஈரமும் மரத்தரைக்குப் பகையல்லவா? 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்த கரையில், நீருறிஞ்சாத தரையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மரத்தின் அழகை விரும்புவோர் இன்று டைல்ஸ் எனப்படும் தரையோட்டை நாடுவதன் காரணம் இதுவே.

இவ்வோட்டில் மரம் அணுவளவும் இல்லை. களிமண் கலவையை அழுத்திப் பலகை வடிவாக்கி, மரவரியை அச்சிட்டு, மெருகு பூசிச் சூளையிற் சுடுகின்றனர். ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் வெந்த பீங்கான் வகை, தன் நிறையில் 0.5 வீதத்திற்கு மேல் நீரை உறிஞ்சாது. கடையிலேயே இதனைச் சோதிக்கலாம்: ஓட்டின் முதுகிற் சில துளி நீர் விடுக, விரைவில் உறிஞ்சினால் அது மலிவான வேறு வகை. ஒரே மரக்கணு அடுத்தடுத்த ஓடுகளில் திரும்பத் திரும்பத் தோன்றுமாயின் மரமென்னும் மயக்கம் கலைந்துவிடும். ஆதலால் இரண்டு மூன்று பெட்டிகளையேனும் பிரித்துப் பரப்பிப் பார்த்தல் நன்று.

பெரும்பாலோர் ஏமாறுவது ஓட்டின் நீளத்திலேயாகும். நீண்ட ஓடுகள் சூளையிற் சிறிதே வளைந்து, நடுப்பகுதி உயர்ந்திருப்பதுண்டு. செங்கற் கட்டுப்போல ஒன்றின் நடுவில் மற்றொன்றின் முனை வருமாறு பதித்தால், உயர்ந்த நடுவும் தாழ்ந்த முனையும் அருகருகே அமைந்து கால்விரலைத் தடுக்கும். மூன்றிலொரு பங்கு தள்ளிப் பதிப்பதே முறை. அடித்தளமும் மூன்று மீற்றருக்கு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் ஏறியிறங்கலாகாது. மேசன் மட்டப்பலகையை வைத்துப் பார்த்த பின்னரே வேலை தொடங்குக. சாந்தை ஆங்காங்கே குவித்து ஓட்டை ஒட்டுவோரும் உளர். அவ்வாறு ஒட்டிய ஓடு தட்டினால் வெற்றொலி தரும். பாரமான அலுமாரியை நகர்த்தும்போது வெடிக்கும்.

இனி வழுக்கல். கண்ணாடிபோல் மினுங்கும் மேற்பரப்பு கடையில் கண்ணைக் கவரும். வுழூச் செய்த ஈரக்காலுடன் தொழுகைக்குச் செல்லும் மூத்தம்மாவிற்கோ அதுவே இடுப்பெலும்பை முறிக்கும் பொறியாகலாம். நீர்புழங்கும் இடத்திற்கும் விறாந்தைக்கும் சொரசொரப்பானதையே தெரிக. பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்னும் குறிகள் அதனைக் காட்டும். ஆயினும் மிகுந்த சொரசொரப்பில் அழுக்கேறும் என்பதையும், துடைப்பவர் யார் என்பதையும் வீட்டுத் தலைவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்!

கடற்கரை மணல் காலோடு வந்து மெருகைத் தேய்ப்பதால் வாசலில் ஒரு கால்மிதி தேவை. வாங்கும்போதே பத்திலொரு பங்கு மேலதிகமாக, ஒரே தொகுதி எண்ணுள்ள பெட்டிகளாகப் பெற்று, எஞ்சியவற்றைப் பேணி வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே நிறம் கடையிற் கிட்டுவது அரிது.