எழுதுகோலும் மிதிவண்டியும்

சமுதாயச் சீர்திருத்தம் என்றவுடன் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஒரு சமுதாயம் மெய்யாகத் திருந்துவது மேடைகளில் அன்று. அடுப்படியிலும் வயல் வரப்பிலும் வீட்டுத் திண்ணையிலுமே அது திருந்துகின்றது. அவ்விடங்களில் அப்பணியை ஆற்றுவோர் பெரும்பாலும் பெயர் வெளியே தெரியாத பெண்மணிகளே ஆவர். நம் தமிழ் மண்ணில் நம் கண்ணெதிரே நிகழ்ந்த அத்தகைய மாற்றம் ஒன்றையும், அதன் குறுக்கே நின்று நான் இழைத்த பிழை ஒன்றையும் இவ்வெள்ளிக்கிழமை வாசக அன்பர்களின் முன் வைக்க விழைகின்றேன்.

புதுக்கோட்டையில் ஒரு புதுமை

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. எழுதப் படிக்க அறியாத முதியோருக்கு எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்கு முன்னின்று ஊக்கமளித்தார். ஊதியம் ஏதும் பெறாத தொண்டர்கள், பகல் வேலை முடிந்தபின், தெருவிளக்கின் அடியிலும் திண்ணைகளிலும் பாடம் நடத்தினர். கற்க வந்தோருள் பெரும்பாலோர் பெண்கள். வயல் வேலை செய்வோர், கல்லுடைக்கும் குவாரிகளில் உழைப்போர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலதிறத்தினரும் அவர்களுள் இருந்தனர்.

இவ்வியக்கம் எழுத்தறிவோடு நின்றுவிடவில்லை. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று நகைத்தவர்கள் உண்டு. கிராம வாழ்க்கையை அறிந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். பேருந்து நாளைக்கு ஓரிருமுறையே எட்டிப் பார்க்கும் ஊர்களில், ஒரு பெண் சந்தைக்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டுமாயின், தந்தையோ கணவரோ உடன்பிறந்தாரோ ஓய்வாக இருக்கும் நேரத்தை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்ணோ, விளைபொருளைத் தானே கொண்டுபோய் விற்று வந்தாள். தண்ணீர்க் குடத்தையும் அதிலேயே கட்டி எடுத்து வந்தாள். பெண்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட சைக்கிளைக் காட்டிலும் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பிய தாய்மார்கள் உண்டு. அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா!

1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள்களில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகரில் அணிவகுத்து வந்தபோது, நகர மக்கள் வியந்து நின்றனர். சிறிது காலத்திலேயே அம்மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களுள் ஏறத்தாழ 1,00,000 பேர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள் நேரில் சென்று எழுதியதன் வாயிலாக இச்செய்தி பிற நாட்டவரையும் எட்டியது.

நான் இழைத்த பிழை

அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றே என் ஊர். அந்நாளில் நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த இருபது வயது மாணவன். என் மூத்த சகோதரி எட்டாம் வகுப்புவரை படித்தவர். மச்சான் அரபு நாட்டில் வேலையில் இருந்தார். இரு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில் கல்லுடைக்கும் குடும்பங்கள் வாழும் குடியிருப்பில், இருபது பெண்களுக்கு அறிவொளிப் பாடம் நடத்தும் பொறுப்பை அக்கா ஏற்றிருந்தார். நடந்து போய் வருவதில் பொழுது கழிகிறதென்று அத்தாவின் பழைய சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொண்டார். வெள்ளைத் துப்பட்டியை முறையாகப் போர்த்து, அதன் நுனியைச் சக்கரத்தில் சிக்காவண்ணம் இடுப்பில் செருகிக்கொண்டு, பாடப் புத்தகக் கட்டையும் அரிக்கேன் விளக்கையும் பின்னால் வைத்துக் கட்டி அவர் செல்வதை, 1992-இல் ரமலான் விடுமுறைக்கு ஊர் வந்தபோதுதான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

கண்டதும் சினம் பொங்கியது. தெருவிலேயே நிறுத்தி, "ஆலிமுக்கு ஓதுகிறவனின் அக்கா சைக்கிளில் போவதா? ஜமாஅத்தார் என்னை என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டேன். அக்கா மறுமொழி கூறவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, புத்தகக் கட்டைத் தலையிலும் விளக்கைக் கையிலும் எடுத்துக்கொண்டு நடக்கலானார். சில நாட்கள் அவ்வாறே நடந்தார். பின்னர்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. நடந்து போய் வரும் நேரத்துக்கு வீட்டில் ஆளில்லை. அக்குடியிருப்பின் பாடம் நின்றுபோயிற்று. மார்க்கத்தைக் காத்துவிட்டதாக எண்ணி நான் மகிழ்ச்சியோடு கல்லூரிக்குத் திரும்பினேன்.

அன்பர்களே! நான் அன்று காத்தது மார்க்கத்தை அன்று, என் மதிப்பை. ஊரார் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சத்துக்கு மார்க்கம் என்று பெயர் சூட்டினேன். இப்பிழை எனக்கு மட்டும் உரியதாயின் இதனை இங்கே எழுதியிருக்கமாட்டேன்.

மண்டியிட்ட ஒட்டகம்

அவ்வாண்டு ஸஹீஹுல் புகாரியில் திருமணம் பற்றிய பகுதியை ஓதிவந்தோம். ஒருநாள் ஹதீஸை வாசிக்கும் முறை என்னுடையது. அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் அருமை மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தம் இல்வாழ்வின் தொடக்க நாட்களைக் கூறும் ஹதீஸ் அது. கணவர் சுபைர் (ரலி) அவர்களிடம் ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஒட்டகமும் அன்றி வேறு செல்வம் இல்லை. அஸ்மா (ரலி) அவர்களே குதிரைக்குத் தீனி இடுவார், நீர் கொணர்வார், தோல் வாளியைத் தைப்பார், மாவு பிசைவார். ரொட்டி சுடுவதில் தேர்ச்சி இல்லாமையால், அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் அவருக்காகச் சுட்டுக் கொடுப்பார்கள். இரண்டு மைல் தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்.

அவ்வாறு ஒருநாள் சுமையோடு வருகையில், அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்கள் சிலருடன் எதிர்ப்பட்டார்கள். அஸ்மாவைக் கண்டதும் தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, பின்னால் ஏற்றிக்கொள்ள முன்வந்தார்கள். ஆடவர் கூட்டத்தோடு செல்ல அவர் நாணினார். கணவரின் ரோஷ உணர்வும் நினைவுக்கு வந்தது. அந்நாணத்தை அறிந்துகொண்ட அண்ணலார் வற்புறுத்தாமல் சென்றுவிட்டார்கள். இல்லம் திரும்பி நடந்ததைக் கூறியபோது சுபைர் (ரலி) அவர்கள், நீ அண்ணலாருடன் வாகனத்தில் ஏறி வருவதைவிட, கொட்டைகளைச் சுமந்து வருவதே எனக்கு அதிக வேதனை தருகிறது என்ற கருத்துப்படக் கூறினார்கள்.

இவ்விடத்தை வாசிக்கையில் என் நா தடுமாறியது. அஸர் தொழுகைக்குப் பின் ஹஜ்ரத் அவர்களைத் தனியே கண்டு நடந்ததனைத்தையும் சொன்னேன். ஹஜ்ரத் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி! சுமையோடு நடந்துவந்த பெண்ணைக் கண்டு அண்ணலார் தம் வாகனத்தையே மண்டியிடச் செய்தார்கள். நீயோ வாகனத்தில் சென்ற பெண்ணை இறக்கிவிட்டுச் சுமையைத் தலையில் ஏற்றியிருக்கிறாய். இதை எந்தக் கிதாபில் ஓதினாய்?" என்று வினவினார்கள். அவ்வினாவுக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

ஒட்டகம் ஏறும் பெண்களுள் குறைஷிக் குலப் பெண்களே சிறந்தோர் என்றும், அவர்கள் குழந்தைகளிடம் பரிவும் கணவரின் பொருளைக் காப்பதில் கருத்தும் உடையவர்கள் என்றும் அண்ணலார் பாராட்டியதையும் ஹஜ்ரத் அவர்கள் எனக்கு நினைவூட்டினார்கள். வாகனம் ஏறுதலைப் பெண்மைக்கு இழுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் கருதவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? உடையிலும் நடையிலும் பேண வேண்டிய வரம்புகளை மார்க்கம் வகுத்துள்ளது; அவை ஆண், பெண் இருபாலாருக்கும் உரியவை. என் அக்கா அவற்றுள் ஒன்றையேனும் மீறவில்லை. மீறியவன் நான். விசாரியாமல் தீர்ப்புச் சொல்வதும் வரம்பு மீறலே ஆகும்.

ஒரு மடலும் அதன் மறுமொழியும்

அன்றிரவே அக்காவுக்கு மன்னிப்புக் கோரி மடல் எழுதினேன். சைக்கிளில் சென்று பாடத்தைத் தொடரும்படி வேண்டினேன். இரண்டு வாரங்கள் கழித்து மறுமொழி வந்தது. எழுதியவர் அக்கா அல்லர். அக்குடியிருப்பில் கல்லுடைக்கும் ஒரு தாயார், தம் வாழ்நாளில் எழுதிய முதல் மடலை எனக்கு எழுதியிருந்தார். கோணலும் மாணலுமான பெரிய எழுத்துகளில் அதில் இரண்டே வரிகள். டீச்சர் வந்துவிட்டார் என்பது ஒன்று. இப்போது 'ம' வரிசை படிக்கிறோம் என்பது மற்றொன்று. அம்மடலை இன்றும் என் கிதாபுகளின் இடையே வைத்திருக்கின்றேன்.

எழுத்தறிவின் அருமையை எங்கள் தெருப் பெண்களும் அந்நாளில் உணர்ந்தார்கள். அக்கரை நாட்டிலிருந்து கணவர் எழுதும் மடலைப் பிரித்துப் படிக்கப் பள்ளிச் சிறுவனையோ அடுத்த வீட்டாரையோ நாட வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் மட்டுமே அறிய வேண்டியவற்றைத் தெருவே அறிந்தது. அக்காவிடம் எழுத்துக் கற்ற பின்னர் அப்பெண்கள் தங்கள் மடலைத் தாங்களே படித்தார்கள். கைநாட்டு வைத்த கையால் கையெழுத்திட்டு வங்கிப் பணத்தைப் பெற்றார்கள். நாணம் நாணம் என்று நாம் பேசுகிறோமே, அந்நாணத்தை உண்மையில் காத்தது எது? அறியாமையா? அறிவன்றோ!

அண்ணலாரின் காலத்தில் குறைஷிகளுள் எழுதத் தெரிந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. அவர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார் என்பதும், அவருக்குத் தெரிந்த மருத்துவ ஓதலையும் ஹஃப்ஸாவுக்குக் கற்பிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளன. முதன்முதல் அருளப்பெற்ற திருமறை வசனங்களே ஓதுமாறு பணித்து, எழுதுகோலின் வாயிலாக இறைவன் கற்பித்ததை எடுத்துரைக்கின்றன. அவ்வசனங்கள் ஆடவருக்கு மட்டும் இறங்கியவை என்று எந்த விரிவுரையாளரும் எழுதியதில்லை.

நம் கடமை யாது?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று பள்ளி மாணவியர் அரசு வழங்கிய மிதிவண்டிகளில் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மூட்டு வலியால் அவரால் சைக்கிள் ஓட்ட இயலாது. அவருக்கு எவரும் பொன்னாடை போர்த்தியதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. ஆனால், அவரிடம் கையெழுத்திடக் கற்ற ஒரு தாயின் பேத்தி இன்று செவிலியராகப் பணியாற்றுகிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவின் மூட்டுகளுக்குத் தைலம் தடவிவிட்டுத்தான் செல்கிறார்.

பள்ளிவாசலுக்கு மின்விசிறி வழங்கியவரின் பெயரை அதன் இறக்கையிலேயே எழுதி வைக்கின்றோம். நம் மஹல்லாவில் குழந்தைகளுக்கு ஊதியமின்றிக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் மூதாட்டி யார்? விதவையரின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து அலுவலகம்வரை துணை செல்லும் பெண் யார்? ஜமாஅத் நிர்வாகிகள் இதனை ஒருமுறை விசாரித்தறிய வேண்டும். அறிந்தபின், மேடையேற்றி மாலை சூட்டுவது கூட முதன்மை அன்று. "அம்மா, உங்கள் பணியில் எங்களால் ஆகவேண்டியது என்ன?" என்று கேட்டு, அதனைச் செய்து கொடுப்பதே முதன்மை. மதரஸாவின் ஓர் அறையை மாலை நேரத்தில் திறந்துவிட வேண்டியிருக்கலாம். ஒரு விளக்குப் போட வேண்டியிருக்கலாம். சில வீடுகளில், குறுக்கே நிற்கும் தம்பி சற்று விலகி நின்றாலே போதுமானதாக இருக்கலாம்.

சுமையோடு வரும் சகோதரிக்காக ஒட்டகத்தை மண்டியிடச் செய்த மாநபியின் உம்மத்தினர் நாம். நம் சகோதரியரின் சுமையை உணரும் கண்ணையும், அதனை இறக்கி வைக்கும் கையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.